கேள்வி-பதில்: பக்கெட்டில் படரும் ரோஸ் நிறம்

குளியலறை பக்கெட்டின் அடியிலும் மக்கின் கைப்பிடியிலும் ரோஸ் நிறத்தில் வழவழவென்று ஒரு பாசி. ப்ளீச்சிங் பவுடர் தூவிக் கழுவினாலும் ஒரே வாரத்தில் திரும்பி வந்துவிடுகிறது. ஏன்?
— வாசகி, கும்பகோணம்

அது பாசி அல்ல. பாசிக்கு வெளிச்சம் வேண்டும். இதற்கு ஈரமும் சோப்பு, ஷாம்பு அழுக்கும் போதும். பெரும்பாலும் செராஷியா மார்செசென்ஸ் என்ற பாக்டீரியாவாக இருக்கும். சில வீடுகளில் இதே நிறத்தில் ஒரு வகை ஈஸ்ட்டும் படரும். எதுவானாலும் வைத்தியம் ஒன்றுதான்.

நீங்கள் செய்வதில் வரிசைதான் தப்பு. அந்த வழவழப்பு, கிருமிகள் தம்மைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் கூடு. அதன்மேல் நேரடியாகக் குளோரின் போட்டால், மேலே இருக்கும் அழுக்கே குளோரினைத் தின்று தீர்த்துவிடும். நிறம் வெளுக்கும், அடியில் இருப்பவை பிழைத்துக்கொள்ளும். சுத்தமாகிவிட்டது என்று நினைப்பீர்கள், அவ்வளவுதான்.

முதலில் சோப்புத் தூளும் பிரஷ்ஷும் கொண்டு வழவழப்பு போகும்வரை தேய்த்துக் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 15 கிராம் ப்ளீச்சிங் பவுடர் கரைத்து, தெளியவிட்டு, மேல்தண்ணீரை மட்டும் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும். கரைசலை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். கட்டிதட்டிய பழைய பாக்கெட்டில் வீரியம் இருக்காது. டாய்லெட் ஆசிட்டோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள். கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைப் புண்ணாக்கும்.

கடைசி வேலைதான் முக்கியம்: இரவில் பக்கெட்டைக் கவிழ்த்து வையுங்கள். மக்கின் கைப்பிடி உள்ளே குழாய்போல இருந்தால் அதற்குள் தண்ணீர் தேங்கும், கிருமி அங்கிருந்துதான் திரும்ப வரும். அப்படிப்பட்ட மக்கை மாற்றிவிடுவதே நல்லது.

இவ்வளவு சிவப்பாக இருக்கிறதே, ஆபத்தான கிருமியா?
— வாசகர், ஈரோடு

சிவப்புக்கும் ஆபத்துக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. புரோடிஜியோசின் என்ற அந்த நிறமி 28–30 டிகிரி வெப்பத்தில்தான் நன்றாக உருவாகும். அதே கிருமியை உடல் சூடான 37 டிகிரியில் வளர்த்தால் வெள்ளையாகவே வளரும். நோயாளிகளிடமிருந்து எடுக்கப்படும் ரகங்களில் பெரும்பாலானவை நிறமே இல்லாதவை.

1819-ல் இத்தாலியில் பதுவா நகருக்குப் பக்கத்து லெக்னாரோவில் சோளக்களி ரத்தச் சிவப்பானபோது ஊரே பேய் வேலை என்று பயந்தது. பார்த்தொலோமியோ பிட்சியோ என்ற மருந்தாளர், புதிய களியை ஈரமும் வெதுவெதுப்புமான இடத்தில் வைத்து அதே சிவப்பை வளர்த்துக் காட்டினார். பிற்பாடு எண்ணம் மறுகோடிக்குப் போனது. நிறத்தை வைத்து எளிதில் எண்ணலாம், தீங்கில்லாதது என்று நம்பி, 1950 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படை, கிருமிப் போர் ஒத்திகையாக, சான் பிரான்சிஸ்கோ கடலோரத்தில் இதைக் காற்றில் தெளித்துப் பார்த்தது. அதை ஒட்டிய நாட்களில் அந்நகர மருத்துவமனை ஒன்றில் 11 பேருக்கு செராஷியா தொற்று வந்தது, ஒருவர் இறந்தார். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று நிரூபணமாகவில்லை. ஆனால் "தீங்கில்லாதது" என்ற பேச்சு அதன்பின் நிலைக்கவில்லை.

இதன் உண்மையான ஆயுதங்கள் வேறு. சிவப்பணுக்களைத் துளைக்கும் ஷ்லா-ஏ என்ற புரதம், திசுப் புரதங்களையும் நோய் எதிர்ப்புப் புரதங்களையும் வெட்டும் செராலைசின் என்ற நொதி, பரப்பில் கூட்டமாக வழுக்கி நகர உதவும் செராவெட்டின். ஆரோக்கியமான தோலில் இவற்றுக்கு வேலை இல்லை. உள்ளே நுழைய வழி கிடைத்தால்தான் வினை. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் கவனியுங்கள்: டப்பாவைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், நேற்றைய கரைசலின் மேல் புதியதை ஊற்றாதீர்கள். கருவிழிப் புண்ணில் இந்தக் கிருமி கைதேர்ந்தது.

பச்சிளங்குழந்தைகள் வார்டில் வேலை. கல்ச்சர் ரிப்போர்ட்டில் செராஷியா, "கோலிஸ்டின் வேலை செய்யாது" என்று வந்தது. சூப்பர் கிருமியா?
— செவிலியர், மதுரை

அது மட்டும் இருந்தால் சூப்பர் கிருமி என்று சொல்ல முடியாது. செராஷியாவுக்குக் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் பிறவியிலேயே பலிக்காது. கோலிஸ்டின் ஒட்டிக்கொள்ள வெளிச்சவ்வில் எதிர்மின்னூட்டம் வேண்டும். இந்தக் கிருமி அங்கே ஒரு சர்க்கரையைச் சேர்த்து அதைக் குறைத்து வைத்திருக்கிறது. ஆம்பிசிலின், நைட்ரோஃபுரான்டாயின் என்ற ஆன்டிபயாடிக்குகளும் இதற்குப் பிறவியிலேயே பலிக்காதவைதான். பயப்பட வேண்டியது, கடும் தொற்றுக்குத் தரும் கார்பாபெனெம் மருந்துகளும் கேட்காதபோதுதான். கோலிஸ்டின் என்ற கடைசிக் கதவு இங்கே முதலிலேயே மூடிக் கிடக்கிறது.

இரண்டு குழந்தைகளுக்கு வந்துவிட்டால் கிருமி வந்த வழியைக் குழந்தைகளிடம் மட்டும் தேடாமல், சுற்றியிருக்கும் பொருட்களிலும் தேடுங்கள். திரவ சோப்பு பாட்டில் காலியாகுமுன் மேலே ஊற்றி நிரப்புவது, ஒரே சலைன் பாட்டிலில் பலருக்கு மருந்து கலப்பது, சிங்க்கின் வடிகால், தாய்ப்பால் பம்ப். நீர்த்துப்போன குளோர்ஹெக்சிடினிலேயே இது வாழ்ந்த வழக்குகள் உண்டு. கிருமிநாசினி பாட்டில் என்பதால் சந்தேகப் பட்டியலிலிருந்து விட்டுவிடாதீர்கள்.

பல் பிடுங்கியபின் தந்த மாத்திரையில் "செராஷியோபெப்டிடேஸ்" என்றிருக்கிறது. அந்தக் கிருமியா உள்ளே?
— வாசகர், திருச்சி

கிருமி இல்லை, அது சுரக்கும் நொதி, சுத்திகரித்தது. மேலே சொன்ன செராலைசினின் நெருங்கிய சொந்தம். பட்டுப்புழுவின் குடலில் கிடைத்த செராஷியா ரகத்திலிருந்து ஜப்பானில் எடுத்தார்கள். வீக்கம் வடியும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் மருந்தில்லாப் போலி மாத்திரையோடு ஒப்பிட்ட சோதனையில் வித்தியாசம் தெரியாததால், ஜப்பானியத் தயாரிப்பாளரே 2011-ல் அங்கே விற்பனையை நிறுத்திக்கொண்டார். இங்கே வலி மாத்திரையோடு சேர்ந்து இன்னும் வருகிறது; வலி குறைவது பெரும்பாலும் கூட இருக்கும் வலி மருந்தால் என்பது என் கணிப்பு.

நொதி வயிற்று அமிலத்தில் சிதையும் என்பதால்தான் மேலே பூச்சு. உடைத்தோ பொடித்தோ விழுங்கினால் அந்தப் பூச்சு வீண். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இந்தக் குடும்பத்தில் உருப்படியான வேலை பார்ப்பவர்களும் உண்டு. நியூசிலாந்தில் மேய்ச்சல் புல்லின் வேரைத் தின்னும் வண்டுப் புழுவை செராஷியா என்டமோஃபிலா என்ற உறவினரைக் கொண்டு 1990 முதல் அடக்குகிறார்கள். புழு தின்பதை நிறுத்தி, தேன் நிறமாகி, பட்டினியில் சாகும். மார்செசென்ஸின் இன்னொரு நொதி, தடுப்பூசித் தயாரிப்பில் மிச்சமாகும் டிஎன்ஏவைத் துண்டாக்கி அகற்ற உதவுகிறது.