போனைக் கடைசியில் எடுங்கள், டீச்சர்!

கேள்வி: நான்காம் வகுப்பு எடுக்கிறேன். எங்கள் பள்ளியில் ஆய்வகம் கிடையாது. நல்ல மைதானமும் என்னுடைய ஒரு ஸ்மார்ட்போனும்தான் இருக்கின்றன. வெளியில் கூட்டிப்போய் விளையாட்டாகவே அறிவியல் நடத்த ஆசை, ஆனால் போனை எடுத்ததும் பிள்ளைகள் அதையே மொய்த்துக்கொள்கிறார்கள். என்ன செய்யலாம்?
– ஓர் ஆசிரியை, மதுரை மாவட்டம்

பதில்: முதலில் பிள்ளைகள் ஊகித்துப் பந்தயம் கட்டட்டும், அப்புறம் யார் சொன்னது சரி என்று பார்க்க மட்டும் போன் வரட்டும். இந்த வரிசை மாறினால் போன்தான் பாடமாகிவிடும்.

நிழலை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு குச்சியை நேராக நட்டு, நிழலின் நுனியில் சுண்ணாம்புப் புள்ளி வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து நுனி எங்கே இருக்கும் என்று ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயர் எழுதிய கூழாங்கல்லை வைக்கட்டும். போனை மர நிழலில் இரண்டு செங்கல்லுக்கு நடுவே நிறுத்தி (வெயிலில் வைத்தால் சூடாகி நின்றுவிடும்) டைம்லாப்ஸ், அதாவது நீண்ட நேரக் காட்சியை வேகமாக ஓட்டிக்காட்டும் வீடியோ, ஓடவிடுங்கள். திரும்பி வந்ததும் முதலில் கற்களைப் பார்க்கட்டும், வீடியோவை அதற்குப் பிறகு காட்டுங்கள். காலையில் மேற்கே கிடந்த நிழல் நகர்வதை அரை நிமிடத்தில் பார்த்துவிட்டு, "சூரியன் நகருதா, நாம நகருறோமா?" என்று அவர்களே கேட்பார்கள். உங்கள் ஊரில் ஜூலை நண்பகலில் நிழல் தெற்கே விழும், டிசம்பரில் வடக்கே. இடையில் ஆகஸ்ட் 27-ஐ ஒட்டி, நண்பகல் 12.20 வாக்கில், குச்சிக்கு நிழலே இருக்காது. ஏப்ரல் நடுவிலும் இது வரும் என்றாலும் அது தேர்வு, விடுமுறைக் காலம், அதனால் ஆகஸ்டை விட்டுவிடாதீர்கள். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

போனே தேவைப்படாத விளையாட்டும் வேண்டும். ஒரு பிள்ளைக்குக் கண்ணைக் கட்டிவிடுங்கள், அது வௌவால். சுற்றி நிற்கும் நாலைந்து பேர் பூச்சிகள். வௌவால் கைதட்டினால் பூச்சிகள் உடனே பதிலுக்குத் தட்ட வேண்டும், அந்தச் சத்தத்தை வைத்தே பிடிக்க வேண்டும். எதிரொலியால் இரை தேடுவது எப்படி என்று இதற்குப் பிறகு விளக்கினால் ஐந்து நிமிடம் போதும்.

செடிகளுக்கு கேமராவைக் காட்டினால் பெயர் சொல்லும் 'சீக்' (Seek) என்ற இலவச செயலி நல்லது, பிள்ளைகள் பெயரில் கணக்குத் தொடங்கத் தேவையில்லை. அதைத் திறக்கும் முன் உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி வரச்சொல்லி, வேம்பு மாதிரி வலைப்பின்னல் நரம்பு ஒரு பக்கம், மூங்கில், புல் மாதிரி இணைப்போக்கு நரம்பு ஒரு பக்கம் என்று இரண்டு அணியாகப் போட்டி வையுங்கள். பிறகு பெயர் தெரியாத ஒரு செடியிடம் எல்லோரையும் கூட்டிப்போய் கேமராவைக் காட்டுங்கள். சில சமயம் அது குடும்பப் பெயரோடு நின்றுவிடும். அப்போது ஊர்ப் பெயரை வீட்டில் பாட்டியிடம் கேட்டு வரச்சொல்லுங்கள், குப்பைமேனியைத் தெரியாத பாட்டி உங்கள் பக்கம் இருக்க மாட்டார்.