பனியில்லா ஊரில் கிறிஸ்துமஸ் படம்

வாசகர் கேள்வி – பதில்

எந்தக் கிறிஸ்துமஸ் படத்தைப் போட்டாலும் பனி, மரம், சிவப்பு அங்கித் தாத்தா. நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் பாலாற்றுப் பாலத்தை மறைக்கும் மூடுபனிதான். பிறகு ஏன் இந்தப் படங்கள் நம் வீட்டிலும் ஓடுகின்றன?
– வாசகர், காட்பாடி

பனியைக் கழித்துவிட்டுப் பாருங்கள், மிச்சம் நிற்பது ஒரு வீட்டு வாசல். பண்டிகைக்கு முந்தின ராத்திரி யாரோ ஒருவர் வெளியே நிற்கிறார். விடிவதற்குள் உள்ளே வந்து சேருவாரா? பெரும்பாலான கிறிஸ்துமஸ் படங்களின் கதை இவ்வளவுதான். 24ஆம் தேதி ராத்திரி காட்பாடி ஜங்ஷனில் பையோடு இறங்கி ஆட்டோ தேடுகிறவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

'ஹோம் அலோன்' (1990) படத்தையே எடுங்கள். குடும்பம் பாரிஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் எட்டு வயதுப் பையன் வீட்டில் விடுபட்டுப் போகிறான். படம் என்றதும் நினைவுக்கு வருவது திருடர்களுக்கு அவன் வைக்கும் பொறிகள். ஆனால் 103 நிமிடப் படத்தில் அந்த அடிதடி கடைசிப் பகுதியில்தான் வருகிறது. அதற்குச் சற்று முன்னால் ஒரு சர்ச் காட்சி. பிள்ளைகள் பாட்டு ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்க, தெருவே பயப்படும் பக்கத்து வீட்டுக் கிழவர் பையன் பக்கத்தில் வந்து உட்காருகிறார். சொந்த மகனோடு பேச்சுவார்த்தை இல்லாதவர் அவர். அந்த ஐந்து நிமிடத்தை ஓட்டிவிட்டுப் பார்த்தால் பொறிகள் வெறும் அடிதடியாகத்தான் தெரியும். குழந்தைகள் ரிமோட்டைக் கையில் எடுப்பது சரியாக அந்த இடத்தில்தான், பிடுங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

'இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்' உலகத்திலேயே சிறந்த கிறிஸ்துமஸ் படம் என்கிறார்கள். ஒரு மணி நேரம் பார்த்தேன், கிறிஸ்துமஸையே காணோம். மீதியைப் பார்க்கலாமா?
– வாசகி, குடியாத்தம்

பாருங்கள். நீங்கள் நிறுத்தியது சீட்டுப் பணம் முழுதும் கட்டிவிட்டு, எடுக்கும் மாதத்தில் எழுந்து போன மாதிரி.

பிராங்க் காப்ரா 1946இல் எடுத்த படம், 130 நிமிடம். தொடக்கத்தில் கிறிஸ்துமஸ் இரவில் ஊரார் ஜெபிக்கும் குரல்கள் கேட்கும். பிறகு ஜார்ஜ் பெய்லி என்பவரின் வாழ்க்கை சிறுவயதிலிருந்து வரும். 'நான் பிறக்காமலே இருந்திருந்தால்' என்ற பகுதி ஒன்றரை மணி நேரம் தாண்டித்தான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் வரும் அத்தனையும் வரவு வைக்கும் பகுதி. யாருக்கு வீடு கட்ட உதவினார், எந்த ஊருக்குப் போகாமல் நின்றார், தம்பிக்காக எதை விட்டார் என்று கணக்கு ஏறிக்கொண்டே போகிறது. அந்தக் கணக்கு மனதில் இருந்தால்தான் கடைசிக் காட்சியில் ஒவ்வொரு முகமாக வாசலில் நுழையும்போது தொண்டை அடைக்கும்.

ஜார்ஜ் நடத்துவது ஒரு சின்ன வீட்டுக்கடன் நிதி. நம் ஊர் பெனிஃபிட் ஃபண்டின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். பீதியில் ஜனங்கள் பணம் கேட்டு முண்டியடிக்கும் நாளில், தேனிலவுக்கு வைத்திருந்த 2,000 டாலரைக் கவுண்டரில் வைத்துக் கொடுக்கிறார். கடை சாத்தும்போது மிச்சம் 2 டாலர். சீட்டுக் கம்பெனி வாசலில் கூட்டம் கூடியதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சிக்கு சப்டைட்டிலே வேண்டாம். காணாமல் போகும் 8,000 டாலரை அமுக்கிய வில்லன் கடைசிவரை மாட்டவே மாட்டான். அதைக் குறை என்று நினைக்க வேண்டாம், பணம் எங்கே போனது என்பதில் படத்துக்கு அக்கறையே இல்லை.

இது வந்தபோது நஷ்டப் படம். 1974இல் காப்புரிமையைப் புதுப்பிக்கத் தவறினார்கள். பணம் கட்ட வேண்டாம் என்றதும் அமெரிக்க டி.வி. நிலையங்கள் டிசம்பர்தோறும் போட்டுத் தள்ளின. பார்த்துப் பார்த்தே பண்டிகைப் படமானது. பொங்கலுக்குப் பொங்கல் ஒரே படத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதில் ஆச்சரியம் என்ன?

எங்கள் ஆயாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. பேத்திக்கு ஐந்து வயது, எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். இருவரும் சேர்ந்து பார்க்க ஒரு படம்?
– வாசகி, ஆற்காடு

பேச்சே இல்லாத படம். 'தி ஸ்னோமேன்' (1982): 26 நிமிடம், பென்சிலால் தீட்டியது போன்ற படங்கள், நடுவில் ஒரே ஒரு பாட்டு. பையன் செய்த பனி மனிதன் ராத்திரி உயிர் பெற்று அவனை வானத்தில் அழைத்துப் போகிறான். முடிவில் காலையில் உருகிக் கிடப்பான். பேத்தி அழுவாள், முன்னாடியே சொல்லி வையுங்கள். சிரித்துக்கொண்டே தூங்கப் போக வேண்டும் என்றால் ஆட்டுக்குட்டி ஷானின் 'தி ஃப்ளைட் பிஃபோர் கிறிஸ்துமஸ்' (2021), அரை மணி நேரம். அதிலும் 'ம்மே'தான் வசனம்.

கஞ்சத்தனக் கிழவன் ஸ்க்ரூஜ் கதையில் எத்தனையோ படம் இருக்கிறது. எது?
– வாசகர், ஆம்பூர்

டிக்கன்ஸ் 1843இல் எழுதிய கதை. பெரியவர்களுக்கு 1951இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். ஸ்க்ரூஜாக வரும் அலஸ்டேர் சிம் திருந்திய பிறகு சிரிக்கும் சிரிப்பு ஒன்றுக்காகவே. குழந்தைகளோடு என்றால் 1992இன் மப்பெட் பொம்மைப் படம். அதில் மைக்கேல் கெய்ன் எதிரே இருப்பது துணிப் பொம்மை என்ற நினைப்பே இல்லாமல் நடித்திருப்பார், அதனால்தான் எடுபடுகிறது. ஜிம் கேரியின் 2009 படம் ஆவிக் காட்சிகளில் சின்னப் பிள்ளைகளை மிரட்டிவிடும். பத்து வயதுக்கு மேல் பார்க்கலாம்.

24ஆம் தேதி நடு இரவு ஆராதனைக்கு முன் சர்ச் வளாகத்தில் வாலிபர் ஐக்கியம் சார்பில் படம் போடப் போகிறோம். போன வருடம் படம் மங்கலாக இருந்தது, பாதியில் நின்றும் போனது. என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், சத்துவாச்சாரி

முதலில் அனுமதி. ஓ.டி.டி. சந்தா வீட்டில் பார்ப்பதற்கு மட்டும். இலவசமாகவே காட்டினாலும் பொது இடம் பொது இடம்தான். படத்தின் உரிமையாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். அது நடக்காது என்றால் இயேசுவின் வாழ்க்கையை லூக்கா சுவிசேஷப்படி சொல்லும் 1979 படத்தைக் கேட்டுப் பாருங்கள். ஊர் ஊராகத் திரையிடுவதற்காகவே மொழிபெயர்க்கப்பட்ட படம், தமிழிலும் உண்டு.

மங்கலுக்குக் காரணம் அநேகமாக புரொஜெக்டர் பெட்டியில் போட்டிருக்கும் '9,000 லூமென்ஸ்'. லூமென்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு; மலிவான எல்.இ.டி. பெட்டிகளில் அது விளம்பர எண். வாடகைக்கு எடுக்கும்போது 'ஆன்சி லூமென்ஸ் எவ்வளவு' என்று கேளுங்கள், அதுதான் முறைப்படி அளந்த எண். இருட்டு அறைக்கு 300 போதும். திறந்தவெளியில் 100 அங்குலத் திரைக்கு 3,000 வேண்டும். நட்சத்திர விளக்குகளையும் குடிலின் சீரியல் செட்டையும் படம் முடியும்வரை அணைத்துவிடுங்கள். டிசம்பர் கடைசியில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும் என்றாலும் ஆறரைக்கு முன் தொடங்க வேண்டாம்.

திரைக்கு எட்டு முழ வேட்டி போதும். 100 அங்குலப் படத்தின் உயரம் 49 அங்குலம், அகலம் 87 அங்குலம். வேட்டியின் அகலம் 50 அங்குலம், நீளம் ஏறக்குறைய 12 அடி. உள்ளே கச்சிதமாக அடங்கும். ஒற்றை வேட்டியில் பாதி வெளிச்சம் பின்பக்கம் போய்விடும். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பின்னால் கறுப்புப் போர்வை கட்டுங்கள். மேலும் கீழும் மூங்கில் கொம்பு கோத்து இழுத்துக் கட்டாவிட்டால் காற்றில் முகங்கள் நெளியும். ஜமக்காளத்தில் உட்காருகிறவர்களுக்குத் திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து நான்கடி. இல்லையேல் முன்வரிசைத் தலைகள் சப்டைட்டிலைத் தின்றுவிடும். கடைசி வரிசை 28 அடிக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் கூட்டம் வரும் என்றால் திரையைப் பெரிதாக்க வேண்டும், புரொஜெக்டரும் அதற்கேற்ப.

படம் நின்றது கரண்ட் போனதால் என்று நினைக்கிறேன். நீங்கள் அதைச் சொல்லவில்லை. புரொஜெக்டர் 250 வாட், ஸ்பீக்கர் 50 வாட் என்றால் நல்ல நிலையில் உள்ள 150 ஏ.எச். பேட்டரி ஏறக்குறைய மூன்று மணி நேரம் தாங்கும்; நாலு வருடப் பழசு பாதிகூடத் தாங்காது. இன்வெர்ட்டரில் 'யு.பி.எஸ்.' நிலைக்கு ஸ்விட்ச் இருந்தால் அதில் வையுங்கள். சாதாரண நிலையில் மாறும் நொடியில் புரொஜெக்டர் அணைந்துவிடும். லாம்ப் வகையாக இருந்தால் சூடு ஆறும்வரை திரும்ப எரியாது, கூட்டம் கலையும். அவசரப்பட்டு மறுபடி மறுபடி அழுத்தினால் லாம்ப்தான் போகும்.

சத்தத்துக்குக் கூம்பு ஸ்பீக்கர் வேண்டாம். பிரசங்கத்துக்கு எடுபடும், சினிமா வசனம் தகரமாகக் கேட்கும். பெட்டி ஸ்பீக்கர் இரண்டைத் திரையின் இரு பக்கமும் வைத்து ஒயரில் இணையுங்கள். புளூடூத்தில் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். பனி இறங்கும் நேரம் என்பதால் இரவு புரொஜெக்டர்மேல் ஒரு குடையைக் கட்டிவிடுங்கள், காற்று வெளியேறும் துளையை மட்டும் மூடாமல்.

நேரக் கணக்கையும் பாருங்கள். 130 நிமிடப் படத்தை ஆறரைக்குத் தொடங்கினால் எட்டே முக்கால். சாப்பாடு, புதுத்துணி, கேரல் ரவுண்ட்ஸ் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

லேப்டாப்பில் படம் ஓடுகிறது, டி.வி.யில் இணைத்தால் குரல் மட்டும் வருகிறது, திரை கறுப்பு. ஏன்?
– வாசகர், பாகாயம்

நகல் எடுப்பதைத் தடுக்கும் பூட்டு அது. மலிவான கன்வெர்ட்டரும் திரையை அப்படியே பிரதிபலிக்கும் ஆப்பும் அந்தப் பூட்டோடு பேசாது. அதனால் படத்தை மட்டும் நிறுத்தி வைக்கிறது. டி.வி.யிலேயே படம் ஓடும் ஆப்பைத் திறங்கள், இல்லையேல் நேரடி எச்.டி.எம்.ஐ. கேபிளில் இணையுங்கள். முந்தின நாளே ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள், தமிழ் ஆடியோ இருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

'டை ஹார்ட்' கிறிஸ்துமஸ் படமா, இல்லையா? ஹாஸ்டலில் பந்தயம்.
– மாணவர், வேலூர்

ஆமாம். கிறிஸ்துமஸ் இரவு, பிரிந்திருக்கும் மனைவி, உள்ளே வந்து சேர வேண்டிய கணவன். நடுவில் துப்பாக்கி, அவ்வளவுதான். 1988 ஜூலையில் வெளியானதே என்று எதிர்க்கட்சி சொல்லும். 'மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்' 1947இல் கோடையில்தான் வெளியானது, விளம்பரத்தில் கிறிஸ்துமஸையே மறைத்து. அதைக் கிறிஸ்துமஸ் படம் இல்லை என்று சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது. (1994இல் அது மறுபடி எடுக்கப்பட்டபோது தாத்தாவாக நடித்தவர் நம் 'காந்தி' படத்தை இயக்கிய ரிச்சர்ட் அட்டன்பரோ. இதையும் சொல்லிப் பந்தயத்தில் இன்னொரு டீ வாங்குங்கள்.)

தமிழில் கிறிஸ்துமஸ் படமே கிடையாதா?
– வாசகி, ராணிப்பேட்டை

ஸ்ரீராம் ராகவனின் 'மெரி கிறிஸ்துமஸ்' (2024) தமிழிலும் இந்தியிலும் தனித்தனியாக எடுக்கப்பட்டது. விஜய் சேதுபதியும் காத்ரினா கைஃபும் இரண்டிலும் உண்டு, துணை நடிகர்கள் வேறு. பழைய பம்பாயில் ஒரு கிறிஸ்துமஸ் இரவு. ஆனால் அது கொலைக் கதை. பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுப் பாருங்கள்.

ஓய்வுநாள் பாடசாலை நாடகத்தில் சினிமா மாதிரி பனி கொட்ட வேண்டும். எதைக் கொட்டுவது?
– ஆசிரியை, திருப்பத்தூர்

ஹாலிவுட்டில் ஒரு காலத்தில் வெள்ளையடித்த கார்ன்ஃபிளேக்ஸைக் கொட்டினார்கள். காலடியில் நொறுநொறுவென்ற சத்தம் வசனத்தை விழுங்கியது. அதனால்தான் 1946இல் மேலே சொன்ன காப்ரா படத்துக்குத் தீயணைப்பு நுரையில் சோப்பும் தண்ணீரும் கலந்து அடித்தார்கள், சத்தமில்லாத பனி. நீங்கள் அவலோ பொரியோ கொட்டினாலும் அதே கார்ன்ஃபிளேக்ஸ் கதைதான், கூடவே எறும்பு. சோப்பு நுரையில் தேவதூதர்கள் வழுக்கி விழுவார்கள். தெர்மோகோல் மணி தலைமுடியிலும் மூக்கிலும் ஒட்டும். பஞ்சு வேண்டவே வேண்டாம், மெழுகுவர்த்தி கையில் இருக்கும் மேடை அது.

வெள்ளை டிஷ்யூ பேப்பரை விரல் நக அளவுக்கு வெட்டுங்கள். பழைய சேலையை மேடைக்கு மேலே இரண்டு கொம்புகளுக்கு நடுவே தூளி மாதிரி கட்டி, ஒரு பாதியில் மட்டும் இரண்டங்குலக் கீறல்கள் போடுங்கள். பேப்பரைக் கீறல் இல்லாத பாதியில் நிரப்பி, அந்தப் பக்கக் கொம்பில் கயிறு கட்டி மெதுவாக ஆட்டினால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீறல் பக்கம் நகர்ந்து உதிரும். மின்விசிறியை நிறுத்தி வையுங்கள். ஒரே இடத்தில் கொத்தாக விழுந்தால் கீறல் பெரிது, அல்லது பேப்பர் ஈரம். கயிறு பிடிக்கும் பையனிடம் 'ஆட்டு, இழுக்காதே' என்று மட்டும் சொல்லுங்கள்.