பெட்டி புதிது, பாட்டு மட்டும் ஏன் மந்தம்?

கேள்வி: பதினான்காயிரம் ரூபாய்க்கு ஸ்ட்ரீமர் (இணையத்திலிருந்து பாட்டை எடுத்து ஆம்ப்ளிஃபயருக்குத் தரும் பெட்டி) வாங்கிப் பழைய ஆம்ப்ளிஃபயரில் இணைத்தேன். கைப்பேசியிலிருந்து புளூடூத்தில் பாட்டை அனுப்புகிறேன். முன்பு வைத்திருந்த ஆயிரம் ரூபாய் ரிசீவருக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், திருச்சி

பதில்: இல்லை. வாங்கிய பொருளை இன்னும் பயன்படுத்தவே தொடங்கவில்லை, அவ்வளவுதான். புளூடூத்தில் போகும் பாட்டைக் கைப்பேசி இன்னொரு முறை சுருக்கி அனுப்புகிறது. அதைத் தவிர்க்கத்தானே ஸ்ட்ரீமர்! கைப்பேசியையும் ஸ்ட்ரீமரையும் ஒரே வைஃபையில் சேருங்கள். ஸ்பாட்டிஃபையாக இருந்தால், பாட்டு ஓடும் திரையில் சாதனங்களின் பட்டியலைத் திறந்து ஸ்ட்ரீமரின் பெயரைத் தொடுங்கள். அதன்பின் பெட்டியே இணையத்திலிருந்து பாட்டை எடுத்துக்கொள்ளும். கைப்பேசி வெறும் ரிமோட். யாராவது அழைத்தாலும் பாட்டு நிற்காது. செயலியின் அமைப்புகளில் ஒலித்தரம் 'தானியங்கி' என்றிருந்தால் அதையும் மேலே ஏற்றிவிடுங்கள்.

கேள்வி: பாட்டு விட்டு விட்டு வருகிறது. 300 எம்பிபிஎஸ் (நொடிக்கு 300 மெகாபிட்) இணையத் திட்டத்துக்கு மாறட்டுமா?
– வாசகர், ஓசூர்

பதில்: வேண்டாம். சிடி தரத்துப் பாட்டுக்கே நொடிக்கு 1.4 மெகாபிட்தான் தேவை. ரவுட்டருக்கும் ஸ்ட்ரீமருக்கும் நடுவே எத்தனை சுவர் என்று பாருங்கள். முடிந்தால் ஒரு சாதாரண நெட்வொர்க் கேபிளை இழுத்துவிடுங்கள்.

கேள்வி: ஸ்ட்ரீமர் வாங்கிய கடையிலேயே 18,000 ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் கேபிளைக் காட்டினார்கள். போட்டும் காட்டினார்கள். உண்மையிலேயே பாட்டு பளிச்சென்று இருந்தது. வாங்கலாமா?
– வாசகர், சென்னை

பதில்: காட்டும்போது ஒலியளவுக் குமிழ் யார் கையில் இருந்தது? இதைத்தான் நான் எல்லோரிடமும் கேட்கிறேன், ஒருவரும் கவனித்ததாகச் சொல்வதில்லை. ஒரே பாட்டை ஒரு டெசிபல் கூட்டி வைத்தால் காது அதைச் 'சத்தம் கூடிவிட்டது' என்று எடுத்துக்கொள்ளாது. 'தெளிவாக இருக்கிறது', 'குரல் முன்னே வருகிறது' என்று எடுத்துக்கொள்ளும். விற்பவருக்கு இது தெரியும். விலை கூடிய சரக்கைப் போடும்போது குமிழ் மயிரிழை நகரும். அதற்கு முன் அரைமணி நேரம் ஆங்கில ஜாஸ், ஒரு கோப்பை காபி, "உங்களுக்கு நல்ல காது சார்" என்ற புகழ்ச்சி. டிஜிட்டல் கேபிளில் போவது ஒன்றும் சுழியமும். சரியாகப் போய்ச் சேர்ந்தால் பாட்டு. சேராவிட்டால் விட்டுப்போகும், கொரகொரவென்று வரும், அல்லது மௌனம். 'கொஞ்சம் இனிமையாக' போய்ச் சேர்வது என்று ஒரு நிலை அதில் கிடையாது. பெட்டியோடு வந்த கேபிள் வேலை செய்கிறதென்றால் கதை அங்கேயே முடிந்தது. இந்த வியாபாரத்தில் நானும் பங்களித்திருக்கிறேன்: இசைக்கென்றே தயாரித்ததாகச் சொல்லி விற்ற மின்சார வடிகட்டி ஒன்று என் வீட்டில் இருக்கிறது. இப்போது அதில் மிக்சி ஓடுகிறது. சட்னியின் தரத்திலும் முன்னேற்றம் இல்லை.

அடுத்த முறை கடைக்குப் போனால், இரண்டையும் ஒரே அளவில் வைத்து, எது ஓடுகிறது என்று சொல்லாமல் போடச் சொல்லுங்கள். மறுத்தால் காபியை மட்டும் குடித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: இப்போதுள்ள ஸ்ட்ரீமர் திருப்தியாக இல்லை. 90,000 ரூபாய் மாடல் வாங்கினால் ஒலி மேம்படுமா? ஒரு ஸ்பீக்கர் பீரோ மேலும் மற்றொன்று டிவி மேசையின் மூலையிலும் இருக்கின்றன. அறை பெரியது, மொசைக் தரை.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கேள்வியிலேயே பதிலை எழுதி அனுப்பிவிட்டு என்னை ஏன் கேட்கிறீர்கள்? பீரோவிலிருந்து அதை இறக்குங்கள். இரண்டும் ஒரே உயரத்தில், உட்காரும்போது காது இருக்கும் மட்டத்தில், மூலையைவிட்டு விலகி, உங்களோடு சேர்த்து ஒரு சம முக்கோணம் அமையும்படி இருக்கட்டும். மூலையில் வைத்தால் அடித்தொனி வீங்கும். தரையில் ஜமுக்காளம், ஜன்னலுக்குக் கனத்த திரை. பத்து நாள் கேட்டபின்னும் 90,000 ரூபாய் கையை அரித்தால் அதை ஸ்பீக்கருக்குச் செலவழியுங்கள்.

கேள்வி: ஸ்ட்ரீமரில் ஒன்று, ஆம்ப்ளிஃபயரில் ஒன்று. எந்த ஒலியளவைக் கூட்டுவது?
– வாசகி, மதுரை

பதில்: ஸ்ட்ரீமரை முழு அளவில் நிறுத்திவிட்டு ஆம்ப்ளிஃபயரில் கூட்டிக் குறையுங்கள். ஸ்ட்ரீமருக்குப் பின்னால் குமிழே இல்லாத பவர் ஆம்ப்ளிஃபயர் இருந்தால் இதைச் செய்யவே கூடாது, ஸ்பீக்கர் கிழியும்.

கேள்வி: இணையத்தில் 'புதியது, ஓராண்டு வாரண்டி' என்று போட்டிருந்த ஸ்ட்ரீமரை என் ஓய்வூதியப் பணத்தில் 22,000 ரூபாய்க்கு வாங்கினேன். மூன்றாம் வாரம் உயிர் போய்விட்டது. அதிகாரபூர்வ இறக்குமதி இல்லை என்று சேவை மையம் தொடவே மறுக்கிறது. திருப்பித் தருவதற்கான பத்து நாள் தாண்டிவிட்டது என்கிறார் விற்றவர்.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அம்மா, உங்கள் மேல் ஒரு பிழையும் இல்லை. இல்லாத வாரண்டியை இருப்பதாகச் சொல்லி விற்றவர்தான் பதில் சொல்ல வேண்டும்; அவருடைய பத்து நாள் கணக்கு அதற்குப் பொருந்தாது. அந்த விற்பனைப் பக்கம் மறைவதற்குள் படமெடுத்து வையுங்கள். பில், சேவை மையம் எழுத்தில் தந்த மறுப்பு, பெட்டியின் எல்லாப் பக்கங்களின் படம் ஆகியவையும் வேண்டும். இறக்குமதிப் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அதுவே ஒரு சான்று. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அசையவில்லையென்றால், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, ஆனால் காத்திருக்காதீர்கள். என்ன ஆயிற்று என்று எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: 1960களின் திரைப்பாடல்கள்தான் அப்பாவுக்கு உயிர். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்ற மிக உயர்ந்த ஒலித்தரம் தரும் ஸ்ட்ரீமர் அவசியமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: அவசியமில்லை. அந்தப் பாடல்களில் பெரும்பாலானவை மோனோ, அதாவது இரு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும் ஒலிப்பதிவு. எண்ணைக் கூட்டினால் நாடாவின் இரைச்சல்தான் இன்னும் துல்லியமாகக் கேட்கும். ஒரே பாட்டு செயலியில் நான்கைந்து தொகுப்புகளில் இருக்கும். எதிரொலியும் புதுத் தாளமும் சேர்த்துக் கெடுத்தவற்றைத் தள்ளிவிட்டு நல்ல பதிவைத் தேடிப் பட்டியலாக்கிக் கொடுங்கள். இன்னொன்று: மோனோ பாட்டில் குரல் இரு ஸ்பீக்கர்களுக்கும் நட்டநடுவில் நிற்க வேண்டும். எங்கேயென்றே தெரியாமல் கலைந்து ஒலித்தால், ஒரு ஸ்பீக்கரின் சிவப்பு, கறுப்பு வயர்களை மாற்றிச் செருகியிருக்கிறீர்கள்.

கேள்வி: உற்பத்தி நின்றுபோன மாடல் ஒன்று பாதி விலையில் வருகிறது. வாங்கலாமா?
– வாசகர், வேலூர்

பதில்: ஸ்ட்ரீமரின் ஆயுள் அதன் மென்பொருளில் இருக்கிறது. கூகுள் 2019இல் கைவிட்ட குரோம்காஸ்ட் ஆடியோ என்ற குட்டி ஸ்ட்ரீமர், 2025 மார்ச்சில் அதன் மென்பொருளில் இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானதால் திடீரென்று முடங்கியது. கூகுள் சரிசெய்து கொடுத்தது. எல்லா நிறுவனமும் செய்யாது. செயலியையே மூடிவிட்ட ஒரு நிறுவனத்தின் பெட்டி என்னிடம் இருக்கிறது. விளக்கு அழகாக எரிகிறது.

கேள்வி: ஆம்ப்ளிஃபயரில் 'ஃபோனோ' என்ற துளை காலியாக இருந்தது. ஸ்ட்ரீமரை அதில் செருகினேன். ஒரே கரகரப்பு. பெட்டியைத் திருப்பிக் கொடுக்கட்டுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: அது இசைத்தட்டுக்கான துளை. 'ஆக்ஸ்' என்று எழுதியிருப்பதில் செருகுங்கள்.