ஸ்காட்லாந்தின் செல்டிக் கால்பந்து கிளப்பின் பழைய ஆட்டக்காரர்களில் உங்கள் மனதில் நிற்பவர்கள் யார்? ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர்கள் என்ன ஆனார்கள்?

இந்தக் கேள்விக்கு லார்சன், டால்கிலீஷ் என்று பலர் எழுதுவார்கள். எழுத வேண்டியவர்கள்தான். என் மனதில் நிற்பவர்கள் பெரும்பாலும் அதற்கும் முந்தைய ஆட்கள். பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிளாஸ்கோவில் படித்த இரண்டு வருடமும் டென்னிஸ்டூன் பகுதியில் ஒரு அறையில் வாடகைக்கு இருந்தேன். அங்கிருந்து செல்டிக் பார்க் மைதானத்துக்கு நடந்தே போய்விடலாம். வீட்டுக்காரர் எழுபதைத் தாண்டியவர். சின்ன வயதில் டிக்கெட்டுக்குக் காசில்லாமல் வாசலில் நின்று, முன்னே பின்னே தெரியாத பெரியவர்களிடம் "என்னைத் தூக்கி உள்ளே விடுங்கள்" என்று கேட்டுத்தான் மைதானத்துக்குள் போவாராம். அந்தக் காலத்தில் பையன்களை அப்படித் தூக்கி விடுவது சாதாரணம். செல்டிக்கின் பழைய கதைகளை எனக்குச் சொன்னது அவர்தான். பிறகு நானே தேடித்தேடிப் படித்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது பணக்காரர்கள் பொழுதுபோக்குக்கு ஆரம்பித்த கிளப் இல்லை. பஞ்சத்தில் அயர்லாந்தை விட்டு வந்த குடும்பங்கள் கிழக்கு கிளாஸ்கோவில் நெருக்கியடித்து வாழ்ந்தன. அந்தக் குழந்தைகளுக்குச் சாப்பாடு போடப் பணம் திரட்டத்தான் வால்ஃப்ரிட் என்ற துறவி 1887இல் இந்த கிளப்பைத் தொடங்கினார். ஆட வந்த பையன்களும் பெரும்பாலும் அதே மாதிரித் தெருக்களிலிருந்தும் சுற்றியிருந்த சுரங்க ஊர்களிலிருந்தும் வந்தவர்கள். வேடிக்கை பார்க்க வந்தவனுக்கும் ஆட வந்தவனுக்கும் வீடு பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருக்கும்.

அப்படி கார்ன்காட் என்ற ஏழைப் பகுதியில் 1904இல் பிறந்தவர் ஜிம்மி மெக்ரோரி. என் பட்டியலில் முதல் பெயர் அவருடையதுதான். செல்டிக்குக்காக 445 ஆட்டம், 468 கோல். திரும்ப ஒரு தடவை படியுங்கள், ஆட்டத்தைவிட கோல் அதிகம். 1928 ஜனவரியில் டன்ஃபர்ம்லைன் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் எட்டு கோல் போட்டார். அவர் அப்படியொன்றும் உயரமானவர் இல்லை. கழுத்தும் தோளும்தான் அவருடைய பலம். பந்து இடுப்பு உயரத்தில் வந்தாலும் காலை நீட்டமாட்டார், உடம்பைத் தரைக்கு இணையாக வீசித் தலையால் முட்டுவார். அதனால் 'மனித டார்பிடோ' என்று பெயர் வந்தது. அன்றைய பந்து தோலால் ஆனது. மழையில் ஊறினால் கல் மாதிரி கனக்கும்.

1928 கோடையில் நடந்ததுதான் அவர் கதையில் எனக்கு முக்கியம். மேனேஜர் வில்லி மேலி அவரை பிரான்ஸின் லூர்து மாதா கோயிலுக்கு யாத்திரை அழைத்துப் போகிறார். வழியில் லண்டனில் ஆர்சனல் மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மன் காத்திருக்கிறார். 10,000 பவுண்டு தரத் தயார் என்கிறார். அதுவரை எந்த ஆட்டக்காரருக்கும் யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. மெக்ரோரி முடியாது என்றார். யாத்திரை முடிந்து திரும்பும்போது மறுபடியும் கேட்டார்கள். மறுபடியும் முடியாது.

விற்றுவிட நினைத்தது செல்டிக் நிர்வாகமே. அவர் மறுத்ததற்குத் தண்டனை மாதிரி, மற்ற முன்னணி ஆட்டக்காரர்களுக்கு வாரம் 9 பவுண்டு கொடுத்துவிட்டு இவருக்கு 8 பவுண்டு கொடுத்தார்கள். இது அவருக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியவந்தது. தெரிந்த பிறகும், அந்தப் பச்சை வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொள்ள அந்த ஒரு பவுண்டை இழந்தது தகும் என்றுதான் சொன்னார். வீட்டுக்காரர் இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு எழுந்துபோய் டீ போடுவார். எத்தனை முறை சொன்னாலும் அவருக்குத் தொண்டை அடைத்துவிடும்.

இத்தனை கோல் போட்டவரை ஸ்காட்லாந்து அணிக்கு ஏழே ஏழு ஆட்டத்துக்குத்தான் எடுத்தார்கள். அதில் ஒன்று 1933இல் இங்கிலாந்தை 2-1 என்று வென்ற ஆட்டம். இரண்டு கோலும் அவருடையவை. ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுக் கில்மார்னக் அணியை நடத்தினார். அப்புறம் 1945 முதல் 1965 வரை செல்டிக் மேனேஜர். 1957 லீக் கப் இறுதியில் அதே ஊர்ப் போட்டி அணியான ரேஞ்சர்ஸை 7-1 என்று நொறுக்கியது அவர் காலத்தில்தான். ஆனால் அந்த இருபது வருடமும் அணியில் யார் ஆடுவது என்பதில்கூட சேர்மனின் கை மேலோங்கியிருந்தது. மெக்ரோரி மென்மையான மனிதர், எதிர்த்து நிற்கமாட்டார். அது அவருடைய குறை என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

அடுத்தது ஜான் தாம்சன், கோல்கீப்பர். ஃபைஃப் பகுதியில் கார்டெண்டன் என்ற சுரங்க ஊர்ப் பையன். பள்ளியை விட்டதும் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குப் போனவன். வேறொரு கோல்கீப்பரைப் பார்க்க வந்த செல்டிக் ஆள் இவனைப் பார்த்துவிட்டு, 10 பவுண்டுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டு போனார். 1927இல், 18 வயதில், முதல் ஆட்டம். பெரிய உடம்பு இல்லை, ஆனால் எவ்வளவு உயரத்துக்கும் எழும்பிப் பந்தைப் பிடிப்பான் என்று பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். 1930இல் ஏர்ட்ரி அணிக்கு எதிராகக் கால்களுக்கு நடுவே பாய்ந்து தாடையும் விலா எலும்பும் உடைந்தன. ஆட்டத்தை விட்டுவிடு என்று அம்மா கெஞ்சினார். அவன் விடவில்லை.

1931 செப்டம்பர் 5, ஐப்ராக்ஸ் மைதானம், ரேஞ்சர்ஸுடன் ஆட்டம், 80,000 பேர் கூட்டம். இரண்டாம் பாதி ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் ரேஞ்சர்ஸின் சாம் இங்கிலிஷ் கோலை நோக்கி ஓடிவர, தாம்சன் அவர் காலடியில் பாய்கிறான். முழங்கால் தலையில் மோதியது. மண்டையோடு உடைந்துவிட்டது. என்ன நடந்தது என்று புரியாமல் ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் ஒரு பக்கம் ஆரவாரம் செய்ய, அவர்களுடைய கேப்டனே போய்க் கையைத் தூக்கி அமைதிப்படுத்தினார். அன்றிரவே ஆஸ்பத்திரியில் உயிர் போனது. வயது 22. இறுதி ஊர்வலத்துக்கு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். ரயிலுக்குக் காசில்லாத வேலையற்றவர்கள் கிளாஸ்கோவிலிருந்து 55 மைல் நடந்தே கார்டெண்டன் போனார்கள், குன்றில் படுத்து இரவைக் கழித்தார்கள்.

நான் ஒருநாள் எடின்பரோ போய், அங்கிருந்து ஃபோர்த் பாலத்தைத் தாண்டும் ரயிலில் கார்டெண்டன் போனேன். சின்ன ஊர். கல்லறைத் தோட்டம் எங்கே என்று நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு அம்மா கையைக் காட்டினார். முன்பின் தெரியாத ஆள் அந்த ஸ்டேஷனில் இறங்கினால் எதற்காக என்று அவர்களுக்குத் தெரிகிறது. கல்லறையில் பச்சை ஸ்கார்ஃப்கள் இருந்தன. நனைந்து சாயம் போயிருந்தன.

தாம்சனைப் பற்றி எழுதுகிற எல்லாரும் சாம் இங்கிலிஷைப் பற்றியும் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். விசாரணையில் அது விபத்து என்றே முடிவானது. தாம்சனின் குடும்பமும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. அந்த சீசனில் அவர் போட்ட 44 லீக் கோல் இன்றும் ரேஞ்சர்ஸ் சாதனை. ஆனால் போகிற மைதானமெல்லாம் கூட்டம் அவரைக் கொலைகாரன் என்று கத்தியது. லிவர்பூலுக்குப் போனார், அங்கேயும் விடவில்லை. 1938இல் ஆட்டத்தையே விட்டுவிட்டார். தாம்சன் இறந்ததற்குப் பிறகு ஆடிய ஏழு வருடத்தில் ஆட்டத்தில் மகிழ்ச்சியே இல்லை என்று சொன்னார். ஒரே நொடியில் இரண்டு பேருடைய ஆட்டம் முடிந்துபோனது.

சரி, லிஸ்பனுக்கு வருகிறேன். 1967 மே 25, அங்கே நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியில் இன்டர் மிலனை 2-1 என்று வென்ற அணி. அந்தக் கோப்பையை வாங்கிய முதல் பிரிட்டிஷ் கிளப் செல்டிக்தான். ஆடிய பதினொரு பேரும் செல்டிக் பார்க்கிலிருந்து 30 மைலுக்குள் பிறந்தவர்கள். இந்தத் தகவலை எல்லாரும் சொல்வார்கள், எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுக்கவில்லை. மேனேஜர் ஜாக் ஸ்டீனும் பழைய செல்டிக் ஆட்டக்காரர்தான். 27 வயது வரை சுரங்க வேலை. 1951இல் வேல்ஸில் ஏதோ ஒரு சின்ன அணியில் ஆடிக்கொண்டிருந்தவரை ரிசர்வ் பையன்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்று கூட்டிவந்தார்கள். மற்றவர்களுக்கு அடிபட, முதல் அணிக்குள் வந்தார். 1954இல் லீகும் கோப்பையும் சேர்ந்து வென்றபோது அவர்தான் கேப்டன்.

அந்தப் பதினொரு பேரில் ஒவ்வொருவருக்கும் ஒரு கதை உண்டு. கோல்கீப்பர் ரானி சிம்ப்சனுக்கு அன்று 36 வயது. பல்செட் வைத்திருந்தவர்கள் ஆட்டத்துக்கு முன் அதைக் கழற்றி அவருடைய தொப்பியில் போட்டுக் கோல்வலைக்குள் வைத்துவிட்டார்களாம், ஜெயித்த பிறகு போட்டோவுக்கு வேண்டுமே! வலது பக்க டிஃபெண்டர் ஜிம் கிரெய்க் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படித்தவர். ஆரம்பத்தில் பெனால்டிக்குக் காரணமான தவறு அவருடையது. பிறகு டாமி கெம்மலின் கோலுக்குப் பந்தைத் தள்ளிக் கொடுத்ததும் அவரே. விமானம் என்றாலே நடுங்குகிற ஜிம்மி ஜான்ஸ்டனை, அடுத்த வருடம் ரெட் ஸ்டார் பெல்கிரேடுக்கு எதிராக ஸ்டீன் தட்டியெழுப்பிய விதம் அழகு. நான்கு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் பெல்கிரேடில் நடக்கும் இரண்டாவது ஆட்டத்துக்கு நீ பறக்க வேண்டாம் என்றார். பாதி ஆட்டம் முடியும்போது 1-1. முடிந்தபோது 5-1.

நான் அதிகம் நினைப்பது ஸ்டீவி சாமர்ஸை. இருபது வயதில் காசநோய் மூளை உறையைத் தாக்கிப் படுக்கையில் விழுந்தவர். சில வாரம்தான் என்று சொல்லிவிட்டார்கள். கிழக்கு கிளாஸ்கோவின் பெல்விடியர் ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் இருந்து எழுந்துவந்தார். லிஸ்பனில் 84வது நிமிடத்தில் வெற்றி கோலைத் தட்டியது அவர் கால். கடைசிக் காலத்தில் டிமென்ஷியாவில் எல்லாம் மறந்துபோயிற்று. கேப்டன் பில்லி மெக்நீலுக்கும் அதே நோய். செல்டிக்குக்காக 790 ஆட்டம் ஆடியவர், அதில் எத்தனை ஆயிரம் தடவை பந்தைத் தலையால் முட்டியிருப்பார்! 2019 ஏப்ரல் 22இல் மெக்நீல் போனார், ஒரு வாரத்தில் சாமர்ஸும். மைதான வாசலில் மெக்நீல் கோப்பையைத் தூக்கிப் பிடித்திருக்கும் சிலை இருக்கிறது. அதைச் சுற்றி அந்த வாரம் குவிந்த ஸ்கார்ஃப்களை வீட்டுக்காரர் படமெடுத்து அனுப்பினார். ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

அதே வருட அக்டோபரில் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வந்தது. ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் 7,676 பேரை எடுத்துப் பார்த்ததில், மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு அதிகமாக மூளை சிதையும் நோய்களால் இறந்திருக்கிறார்கள். அதைப் படித்த நாளிலிருந்து மெக்ரோரி தலையால் முட்டியதைப் பற்றிப் பேசும்போது எனக்கு முன்போலக் குதூகலம் வருவதில்லை. ஆட்டக்காரர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டீர்களே, அதற்கு உண்மையான பதில் பலருடைய விஷயத்தில் இதுதான். இவர்களுடைய மருத்துவச் செலவை விளையாட்டு அமைப்புகள் ஏற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

டிஃபெண்டர் டேனி மெக்ரெய்னை விட்டுவிட முடியாது. 1972இல் மண்டையோட்டில் விரிசல், அப்புறம் சர்க்கரை நோய். இரண்டையும் வைத்துக்கொண்டு ஸ்காட்லாந்துக்காக 62 ஆட்டம் ஆடினார். லார்சனைப் பற்றி ஒரு வரி: 2003இல் செவில் நகரில் நடந்த யுஇஎஃப்ஏ கோப்பை இறுதியில் இரண்டு கோல் போட்டும் தோற்ற அந்த முகத்தை மறக்க முடியாது.

கடைசியாக ஒருவர். முழு ஆட்டக்கார வாழ்க்கை என்று சொல்ல முடியாது, செல்டிக்கில் அவர் ஆடியது இரண்டே ஆட்டம், அதுவும் ரிசர்வ் அணியில். கல்கத்தாவின் முகமது சலீம். முகமதன் ஸ்போர்ட்டிங் கல்கத்தா லீகைத் தொடர்ந்து வென்றுகொண்டிருந்த காலத்து விங்கர். 1936இல் கிளாஸ்கோவில் இருந்த உறவினர் ஒருவர் அவரைக் கூட்டிப்போய் மேனேஜர் மேலியிடம் நிறுத்தினார். பூட்ஸ் போடாமல், கால்களில் துணிக்கட்டு மட்டும் சுற்றி ஆடுகிறவர். ஸ்காட்லாந்து ஆட்டக்காரர்கள் ஆணி வைத்த பூட்ஸோடு ஓடும் மைதானம் அது. மேலி ஆடவிட்டார். கால்ஸ்டனை 7-1, ஹாமில்டனை 5-1 என்று வென்றார்கள். பத்துக் கால்விரல்களால் கூட்டத்தை மயக்கினார் என்று பத்திரிகை எழுதியது. கிளப்பின் பழைய நட்சத்திரம் ஜிம்மி மெக்மெனமி குனிந்து உட்கார்ந்து சலீமின் பாதத்துக்குக் கட்டுப் போடும் படம் ஒன்று இருக்கிறது. 1936இல், வெள்ளைக்காரர் நம்மை ஆண்ட காலத்தில் எடுத்த படம். அதை நான் பலமுறை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

இருக்கச் சொன்னார்கள். சலீமுக்கு ஊர் ஏக்கம் தாங்கவில்லை, திரும்பிவந்து முகமதன் ஸ்போர்ட்டிங்கிலேயே ஆடினார். கிளாஸ்கோவின் நவம்பர் இருட்டில் இரண்டு வருடம் இருந்தவன் என்ற முறையில் அந்த ஏக்கம் எனக்கு நன்றாகப் புரிகிறது. வயதான காலத்தில் அவர் நோயில் விழுந்தபோது, மகன் செல்டிக்குக்கு ஒரு கடிதம் எழுதினார். வைத்தியத்துக்குப் பணம் வேண்டும் என்று எழுதினாலும், அப்பாவை அங்கே யாருக்காவது நினைவிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் எழுதினாராம். பதில் வந்தது, உள்ளே 100 பவுண்டுக்கு வங்கி டிராஃப்ட். மகன் அதைப் பணமாக மாற்றவே இல்லை, பத்திரமாக வைத்துக்கொண்டார்.