சுஸ்தாலுக்கு ஒரு நாள் போதுமா?

கேள்வி: கல்லூரித் தோழர்கள் ஐந்து பேர் ஜூன் மாதம் எட்டு நாள் பயணமாக ரஷ்யா செல்கிறோம். அமைதியான பழைய ஊர் ஒன்றைப் பார்க்க ஆசை. சுஸ்தாலைக் கடைசி நாளில் காலையில் போய் இரவில் மாஸ்கோ திரும்பும்படி முகவர் சேர்த்திருக்கிறார். அது போதுமா? எங்களில் இருவர் சைவம். பணம் எப்படிக் கொண்டுபோவது?

பதில்: போதாது. மாஸ்கோவில் ஒரு நாளைக் குறைத்துக்கொண்டாவது சுஸ்தாலில் இரண்டு இரவு தங்குங்கள். அதையும் பயணத்தின் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறைத் தவிருங்கள். பகலில் மாஸ்கோவிலிருந்து வரும் சுற்றுலாப் பேருந்துகள் மாலையில் கிளம்பிவிடும். நீங்கள் தேடும் அமைதி அதற்குப் பிறகுதான் ஊருக்குத் திரும்புகிறது.

ஏறத்தாழ பத்தாயிரம் பேர் வாழும் ஊர் இது. வரலாற்றுக் குறிப்புகளில் 1024-ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றுவிட்டது. ஒரு காலத்தில் சிற்றரசின் தலைநகராக இருந்தது. 1862-இல் மாஸ்கோவையும் நிழ்னி நோவ்கரோத்தையும் இணைத்த ரயில்பாதை பக்கத்து நகரமான விளாதிமிர் வழியாகப் போனது, சுஸ்தாலைத் தொடவில்லை. வணிகர்களுக்கு அது பெரும் நஷ்டம். ஆனால் ஆலைகளும் அடுக்குமாடிகளும் வராமல் ஊர் தப்பியது அதனால்தான். இன்றும் இங்கே ரயில் நிலையம் இல்லை. கோபுரங்களை மறைக்கும் கட்டடமும் இல்லை.

ஆகவே மாஸ்கோவிலிருந்து விளாதிமிருக்கு விரைவு ரயிலில் செல்லுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். டிக்கெட்டில் கடவுச்சீட்டு விவரம் இருக்கும், அசலைக் கையிலேயே வைத்திருங்கள். ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே பேருந்து நிலையம். அங்கிருந்து சுஸ்தால் ஒரு மணி நேரத்துக்குள்தான். டாக்சி என்றால், சாதாரண வண்டியில் நால்வர்தான் ஏற முடியும். பெரிய வண்டி வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

தங்குவதற்கு விடுதி அறைகளைவிட மரவீடு ஒன்றை முழுதாக எடுப்பது ஐவருக்குப் பொருந்தும். பல வீடுகளில் 'பான்யா' எனப்படும் நீராவிக் குளியலறை உண்டு. ஊருக்குள் நடக்கும்போது ஜன்னல்களைப் பாருங்கள். அவற்றைச் சுற்றியுள்ள மரச்சட்டங்களுக்கு 'நாலிச்னிகி' என்று பெயர். வெள்ளையோ நீலமோ பூசிய மரத்தில் இலை, பறவை, சூரியன் என்று செதுக்கியிருப்பார்கள். வீட்டுக்கு வீடு வேறு வேலைப்பாடு. பேருந்தில் வந்து போகிறவர்களுக்கு இவற்றின் முன் நிற்க நேரம் கிடைப்பதில்லை.

பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும் என்று ஓடாதீர்கள். கிரெம்ளின் எனப்படும் சுஸ்தாலின் பழைய கோட்டையில் பொன் நட்சத்திரங்கள் பதித்த நீலக் குவிமாடங்கள் கொண்ட பேராலயம் இருக்கிறது. 1222-க்கும் 1225-க்கும் இடையில் கட்டியது. மரக் கட்டடங்களுக்கான அருங்காட்சியகத்தில் 1756-இல் எழுப்பிய மரத் தேவாலயத்தை வேறொரு கிராமத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். நடக்கப் பிடிக்கும் என்றால் நான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிதெக்ஷாவுக்குப் போங்கள். 1152-இல் கட்டிய வெள்ளைக்கல் தேவாலயம் ஆற்றோரம் நிற்கிறது. அருங்காட்சியகங்களுக்கு வார விடுமுறையோடு மாதம் ஒருமுறை சுத்தம் செய்யும் நாளும் உண்டு. அதைப் பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள்.

அவசியம் நேரம் ஒதுக்க வேண்டிய இடம் ஸ்பாஸோ-எவ்ஃபிமியெவ் மடாலயம். 1352-இல் தோன்றியது. ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமாக நீளும் செந்நிற மதில். 1766-இல் பேரரசி இரண்டாம் காத்தரின் மத எதிர்ப்பாளர்களை அடைக்க இதற்குள் ஒரு சிறையை அமைத்தார். ஸ்டாலின்கிராதில் சரணடைந்த ஜெர்மானியத் தளபதி பவுலஸையும் 1943-இல் இங்கேதான் சில காலம் வைத்திருந்தார்கள்.

மாலையில் அந்த மதிலுக்கு வெளியே, காமென்கா ஆற்றின் மேட்டுக்கரைக்குப் போங்கள். கீழே சிற்றாறு வளைந்து போகும். எதிர்க்கரைத் தாழ்வில் பொக்ரோவ்ஸ்கி கன்னியர் மடத்தின் வெள்ளைச் சுவர்கள். குழந்தை இல்லை என்பதற்காக மூன்றாம் வசீலி மன்னர் 1525-இல் தம் மனைவி சலமோனியாவைக் கட்டாயத் துறவியாக்கி அங்கே அனுப்பினார். 1698-இல் மகா பீட்டரின் முதல் மனைவி எவ்தோக்கியாவும் அதே வாசலுக்குள் தள்ளப்பட்டார். அந்தக் கதை தெரிந்தபின் அந்த வெண்மையை அழகென்று மட்டும் என்னால் பார்க்க முடிவதில்லை. ஜூனில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். சுவர் மெல்ல ரோஜா நிறமாகி, பிறகு சாம்பலாகும். ஐவரும் பேசாமல் சிறிது நேரம் உட்கார்ந்திருங்கள். கொசு அதிகம், பூசிக்கொள்ளக் களிம்பு வேண்டும்.

கன்னியர் மடம் இன்றும் துறவியர் வாழும் இடம். பெண்கள் தலையை மூட வேண்டும், ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும், அனுமதியின்றித் துறவியரைப் படம் எடுக்கக் கூடாது.

சைவத்துக்கு ஒரு சொல்லை மனப்பாடம் செய்யுங்கள்: 'போஸ்ட்னோயே'. நோன்புணவு என்று பொருள். இறைச்சி, பால், முட்டை சேராது. 'பெஸ் மியாசா' என்றால் இறைச்சி இல்லாமல் என்றுதான் பொருள். மீன் வரலாம், சூப்பில் எலும்புச் சாறும் இருக்கலாம். ஆகவே மீனும் வேண்டாம் என்று தனியே சொல்லுங்கள். காளான், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் உள்ளே வைத்த 'பிரோஷ்கி' என்ற சிறு ரொட்டிகள் தாராளமாகக் கிடைக்கும். சுஸ்தாலின் பெருமை வெள்ளரிக்காய். உப்பிலிட்டதை வாங்கிச் சாப்பிடுங்கள். தேனில் புளிக்கவைத்த 'மெதவூகா' பானம் இனிப்பாக இறங்கும், ஆனால் அதில் மது உண்டு.

பணம்தான் கவனம் தேவைப்படும் விஷயம். இந்திய வங்கிகள் தந்த விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச் முதல் ரஷ்யாவில் வேலை செய்வதில்லை. முழுச் செலவுக்கும் டாலரோ யூரோவோ கசங்காத நோட்டுகளாகக் கொண்டுபோய், மாஸ்கோ வங்கியில் ரூபிளாக மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்தாகப் பிரித்து ஆளுக்கொரு பங்கு வைத்திருங்கள். கைபேசி இணையம் சில நேரம் தடைப்படும். வரைபடத்தையும் விடுதி முகவரியையும் ரஷ்ய எழுத்தில் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இணையவழி விசா இந்தியர்களுக்கு உண்டு. ஆளுக்கு ஒரு விண்ணப்பம்.

உக்ரைன் போர் காரணமாக மாஸ்கோ விமான நிலையங்கள் முன்னறிவிப்பின்றிச் சில மணி நேரம் மூடப்படுவதுண்டு. இந்திய அரசின் பயண அறிவுரையைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். கடைசி இரவை மாஸ்கோவில் கழிப்பது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான். விளாதிமிரில் இறங்கியதுமே திரும்பும் ரயிலுக்கும் கவுன்டரில் ரொக்கம் கொடுத்து டிக்கெட் எடுத்துவிடுங்கள்.