பூட்டான் டூர்: விலையைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்

கேள்வி: நான், மனைவி, 9 வயது மகள் மூவரும் பூட்டான் போக இருக்கிறோம். 6 இரவு, 7 பகல். ஒரு ஏஜென்சி தலைக்கு 29,500 ரூபாய் கேட்கிறது, இன்னொன்று 46,000 கேட்கிறது. இரண்டிலும் பாரோ, திம்பு, புனாகா என்று அதே ஊர்கள்தான். விலையில் ஏன் இவ்வளவு வித்தியாசம்?
- வாசகர், மதுரை

பதில்: ஊர்ப் பட்டியலை வைத்து பூட்டான் டூரை ஒப்பிட முடியாது. பூட்டானுக்குள் எந்த ஏஜென்சி மூலம் போனாலும் மாறாத சில செலவுகள் உண்டு. அவை விலைக்குள் இருக்கின்றனவா, வெளியே இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலான வித்தியாசம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

முதலாவது, எஸ்.டி.எஃப் என்று எல்லோரும் சொல்லும் நிலைத்த வளர்ச்சிக் கட்டணம். பூட்டான் அரசு சுற்றுலாப் பயணிகளிடம் இரவுக் கணக்கில் வாங்குவது. இந்தியர்களுக்குத் தலைக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய். 6 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்குப் பாதி, அதற்குக் கீழே இருந்தால் கிடையாது. மற்ற நாட்டினர் பெரும்பாலோருக்கு இது இரவுக்கு 100 டாலர். அதனால் இணையத்தில் டாலர் கணக்கைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். உங்கள் வீட்டுக் கணக்கு: பெரியவர்கள் இருவருக்கு 14,400, மகளுக்கு 3,600, ஆக 18,000 ரூபாய். 29,500 என்று சொன்னவர் இதைச் சேர்க்காமல் சொல்லியிருந்தால் அவருடைய உண்மையான விலை தலைக்கு 35,500 ஆகிவிடும். இதைச் சில இடங்களில் முன்பணம் கட்டிய பிறகுதான் வாய் திறந்து சொல்கிறார்கள்.

இரண்டாவது, நுழைவுக் கட்டணம். பாரோவில் மலைமுகட்டில் இருக்கும் தக்சாங் மடத்துக்கு மட்டும் பெரியவர் ஒருவருக்கு 2,000 ரூபாய். மற்ற ஜோங்குகளுக்கும் (மடமும் அரசு அலுவலகமும் சேர்ந்த கோட்டைகள்) கோயில்களுக்கும் தனித்தனியே கட்டணம் உண்டு. 'சைட்சீயிங் உள்பட' என்று எழுதியிருந்தால் வண்டி அந்த வாசல் வரைக்கும் போகும் என்று மட்டுமே அர்த்தம் இருக்கலாம். 'நுழைவுக் கட்டணம் உள்பட' என்று இடத்தின் பெயரோடு எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது, வழிகாட்டி. பாரோ, திம்புவைத் தாண்டினால் உரிமம் பெற்ற வழிகாட்டி உடன் வர வேண்டும். புனாகா உங்கள் திட்டத்தில் இருக்கிறது. வழிகாட்டி எத்தனை நாள் வருகிறார், அவருடைய சம்பளமும் சாப்பாடும் யார் பொறுப்பு என்று கேளுங்கள்.

அடுத்து வண்டி. உங்களுக்கென்று தனி வண்டியா, வேறு குடும்பங்களோடு சேர்த்தா? பூட்டான் பதிவு வண்டியா? இந்தியப் பதிவு வண்டி பூட்டானின் எல்லை ஊரான ஃபுன்ட்ஷோலிங்கைத் தாண்டி உள்ளே போனால் நாளொன்றுக்கு 4,500 ரூபாய் கட்டணம் இருக்கிறது. சிலிகுரியிலிருந்து வரும் வண்டியே கடைசிவரை ஓடும் என்று ஒருவர் சொன்னால், அந்தத் தொகையை யார் கட்டுகிறார் என்று அப்போதே கேட்டுவிட வேண்டும்.

ஹோட்டல் பெயர் இல்லாமல் '3 ஸ்டார் அல்லது அதற்கு இணையானது' என்று எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பெயர் வேண்டும், ஊரும் வேண்டும். எல்லையில் இந்தியப் பக்கம் இருக்கும் ஜெய்காவ்னில் ஓர் இரவைத் தள்ளிவிட்டு அதையும் 'பூட்டான் 6 இரவு' கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. அந்த இரவுக்கு எஸ்.டி.எஃப் வாங்க எந்த நியாயமும் இல்லை. அதேபோல இந்தியர்களுக்கு பூட்டான் விசா தேவையில்லை, நுழைவு அனுமதி போதும். கொட்டேஷனில் 'விசா கட்டணம்' என்று ஒரு வரி இருந்தால் அது எதற்கு என்று விளக்கம் கேளுங்கள்.

இந்தியாவில் கட்டும் வரிகளும் இருக்கின்றன. பூட்டான் பக்கத்து நாடு என்றாலும் வெளிநாடுதான், ஆகவே பேக்கேஜ் விலையின் மேல் டி.சி.எஸ், அதாவது விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி, பிடிப்பார்கள். 2025-26 நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை இது 5 சதவீதமாக இருந்தது. பட்ஜெட்டில் மாறக்கூடிய விகிதம் என்பதால் நீங்கள் பணம் கட்டும் தேதியில் எவ்வளவு என்று பாருங்கள். இது உங்கள் பான் எண்ணில் வரவு வைக்கப்பட வேண்டிய பணம். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். பான் எண்ணே கேட்காமல் டி.சி.எஸ் வாங்குகிறவரிடம் பணம் கட்டாதீர்கள்.

இத்தனையும் தனித்தனி வரியாக எழுதி வந்த பிறகு இரண்டு கொட்டேஷனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 46,000 கேட்டவர் எல்லாவற்றையும் உள்ளே வைத்திருந்தால் அவரே மலிவாக இருக்கவும் வாய்ப்புண்டு. பிரித்து எழுதித் தர மறுப்பவரை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: அதே 7 நாளில் பூம்தாங்கையும் சேர்த்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கூடுதலாக 4,000தான். வாங்கலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: வேண்டாம். வரைபடத்தில் பூம்தாங் அருகில் இருப்பது போலத் தெரியும். திம்புவிலிருந்து சுமார் 270 கிலோமீட்டர்தான். ஆனால் டோச்சுலா, பெலேலா, யோடோங்லா என்று கணவாய் கணவாயாக ஏறி இறங்கும் மலைப்பாதை அது. ஒரு பகல் முழுவதும் போய்விடும். திரும்பி வரவும் ஒரு பகல். ஏழில் இரண்டு நாள் வண்டிக்குள். வருகிற நாளும் கிளம்புகிற நாளும் எப்படியும் அரை நாள்தான் கையில் கிடைக்கும். மிச்சத்தில் எதைப் பார்ப்பீர்கள்?

பூம்தாங் போகாமலே இருக்க வேண்டிய ஊர் என்று சொல்லவில்லை. 7-ஆம் நூற்றாண்டில் திபெத்திய அரசர் சோங்ட்சன் காம்போ கட்டியதாகச் சொல்லப்படும் ஜம்பே லாகாங் என்ற கோயில் அங்கேதான் இருக்கிறது, யாத்ரா எனப்படும் கம்பளி நெசவும் அந்தப் பகுதியுடையதுதான். 10 நாள் இருந்தால் வழியில் இருக்கும் ட்ரோங்சாவில் ஓர் இரவு, பூம்தாங்கில் இரண்டு இரவு என்று போங்கள்.

7 நாளுக்கு நான் பரிந்துரைப்பது திம்பு 2, புனாகா 2, பாரோ 2. புனாகாவைப் பெரும்பாலான ஏஜென்சிகள் ஓர் இரவில் முடித்துவிடுகிறார்கள், சிலர் திம்புவிலிருந்து போய்வரும் பகல் பயணமாகவே வைத்துவிடுகிறார்கள். எனக்கு இதில் மிகவும் வருத்தம். பூட்டானை ஒன்றிணைத்த ஷப்ட்ருங் ங்காவாங் நம்கியால் 1637-38இல் கட்டியது புனாகா ஜோங். போ சூ, மோ சூ என்ற இரண்டு ஆறுகள் கூடும் முனையில் நிற்கிறது. குளிர்காலத்தில் தலைமைத் துறவியான ஜே கென்போவும் துறவிகள் சபையும் திம்புவிலிருந்து இறங்கி வந்து தங்கும் இடம் அதுவே. 1994இல் மேலே பனி ஏரி உடைந்து வந்த வெள்ளத்தில் சேதப்பட்டு, மறுபடி சீரமைக்கப்பட்டது. மரவேலையையும் சுவரோவியங்களையும் நின்று பார்க்க ஒரு காலைப்பொழுது முழுதாக வேண்டும். இரண்டாவது நாள் கையில் இருந்தால் போப்ஜிகா பள்ளத்தாக்குக்குப் போய்வரலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை கருங்கழுத்துக் கொக்குகள் அங்கே வந்து தங்கும். ஆக, அந்த 4,000 ரூபாயைப் புனாகாவில் இன்னோர் இரவுக்குக் கொடுங்கள்.

கேள்வி: 'ட்சேச்சு திருவிழா ஸ்பெஷல்' என்று சாதாரண டூரைவிட 15,000 அதிகம் கேட்கிறார்கள். அவ்வளவு கொடுக்கலாமா?
- வாசகர், சென்னை

பதில்: திருவிழா நாட்களில் ஹோட்டல் வாடகை ஏறுவது உண்மை, குறிப்பாகப் பாரோவிலும் திம்புவிலும். ஆகவே கூடுதல் விலை கேட்பதே தவறு என்று சொல்ல மாட்டேன். அந்தப் பணத்துக்கு எந்த நாள், எந்தத் திருவிழா கிடைக்கிறது என்பதை மட்டும் பார்க்க வேண்டும்.

ட்சேச்சு என்பது 8-ஆம் நூற்றாண்டில் பூட்டானுக்கு வந்த குரு ரின்போச்சேயை, அதாவது பத்மசம்பவரை, நினைத்து எடுக்கும் விழா. பூட்டானின் சந்திர நாட்காட்டிப்படி நடப்பதால் ஆண்டுதோறும் தேதி மாறும். பாரோவில் வசந்த காலத்தில், மார்ச் அல்லது ஏப்ரல் வாக்கில் வரும். திம்புவில் செப்டம்பர் அல்லது அக்டோபரில், தஷிச்சோ ஜோங்கில் மூன்று நாள். துறவிகளும் ஊர்மக்களும் முகமூடி அணிந்து ஆடும் சாம் நடனங்களைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாக, இருப்பதிலேயே நல்ல உடையை உடுத்திக்கொண்டு மக்கள் வருவார்கள்.

பாரோ ட்சேச்சுவின் உச்சம் கடைசி நாள் விடியலுக்கு முன்பு. தொங்ட்ரெல் என்ற மாபெரும் துணிச்சித்திரத்தைக் கட்டிடத்தின் மேலிருந்து விரித்து இறக்குவார்கள். வெயில் அதன் மேல் படுவதற்குள் சுருட்டிவிடுவார்கள். அதைக் காண்பதே புண்ணியம் என்பது அவர்கள் நம்பிக்கை. அழகர் ஆற்றில் இறங்கி முடித்த பிறகு வைகைக் கரைக்குப் போய் நிற்பதைப் போல ஆகிவிடக் கூடாதல்லவா? ஆகவே ஏஜென்சியிடம் மூன்றை எழுதிக் கேளுங்கள்: திருவிழாவின் பெயர், நீங்கள் அங்கே இருக்கப்போகும் தேதி, தொங்ட்ரெல் நாளில் அதிகாலையில் வண்டியும் வழிகாட்டியும் வருவார்களா என்பது. எழுதித் தந்தால் கூடுதல் பணம் கொடுக்கலாம். 'திருவிழா சீசன்' என்று மட்டும் போட்டு, விழா முடிந்த மறுநாள் கொண்டுபோய் இறக்கும் டூருக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் தராதீர்கள்.

பாரோ, திம்புவில்தான் பார்க்க வேண்டும் என்றில்லை. மற்ற மாவட்டங்களின் ஜோங்குகளிலும் சிற்றூர் மடங்களிலும் வேறு வேறு தேதிகளில் விழா நடக்கிறது, கூட்டமும் குறைவாக இருக்கும்.

கேள்வி: ஆதார் போதும் என்கிறார் ஏஜென்ட். சரியா?
- வாசகி, சேலம்

பதில்: சரியல்ல. ஆதாரை ஏற்க மாட்டார்கள். குறைந்தது 6 மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு பாஸ்போர்ட் இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ். டிக்கெட்டில் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும், இனிஷியல் உட்பட, ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: 68 வயது அம்மாவை அழைத்துப் போகிறேன். முழங்கால் வலி உண்டு. தக்சாங் ஏற முடியுமா? 'குதிரை வசதி உண்டு, கவலை வேண்டாம்' என்கிறார்கள்.
- வாசகர், நாகர்கோவில்

பதில்: குதிரை பாதி வழிவரைதான், உணவகம் இருக்கும் இடத்துக்குப் பக்கம் வரை. அதற்கு மேல் ஏற்றமும், பிறகு நூற்றுக்கணக்கான படிகளில் இறங்கி ஏறுவதும் கால்நடையாகத்தான். இறங்கும்போது குதிரையில் ஏற்றிக்கொள்ளவும் மாட்டார்கள். முழங்கால் வலி உள்ளவருக்கு இறக்கம்தான் அதிகத் துன்பம். மடம் கடல்மட்டத்திலிருந்து 3,100 மீட்டருக்கு மேலே இருக்கிறது, நன்றாக நடப்பவர்களுக்கே ஏற 2 முதல் 3 மணி நேரம் பிடிக்கும்.

அம்மா உணவகம் வரை வந்து அங்கிருந்து மடத்தைப் பார்க்கலாம். அல்லது அந்தப் பகலைப் பாரோவிலேயே இருக்கும் மிகப் பழைய கீச்சு லாகாங்கில் அமைதியாகக் கழிக்கலாம். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் அவருக்கான தக்சாங் நுழைவுக் கட்டணத்தைப் பேக்கேஜிலிருந்து கழிக்கச் சொல்லுங்கள். தக்சாங் நாளைப் பயணத்தின் கடைசிப் பகுதியில் வைக்கச் சொல்வதும் நல்லது, உடம்பு உயரத்துக்குப் பழகியிருக்கும்.

வழக்கமான மெடிக்ளைம் பாலிசிகள் பெரும்பாலும் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். அம்மாவுக்குத் தனிப் பயணக் காப்பீடு எடுங்கள். முன்பே உள்ள நோய்களை மறைக்காமல் எழுதுங்கள், மறைத்தால் க்ளைம் நிராகரிக்கப்படும்.

கேள்வி: ஏப்ரல் பயணத்துக்கு 60,000 முன்பணம் கட்டினேன். அப்பாவுக்கு அவசர அறுவை சிகிச்சை. 40 நாளுக்கு முன்பே ரத்து செய்துவிட்டேன். 'பணம் திரும்பாது, கிரெடிட் நோட்தான் (அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளும் சீட்டு)' என்கிறார்கள். வழக்கு போட்டால் டெல்லியில்தான் போட வேண்டுமாம்.
- வாசகர், கோவை

பதில்: அந்தக் கடைசி வரியைக் கண்டு தயங்காதீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தர வேண்டும்.

முதலில் ஏஜென்சிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். என் முன்பணத்திலிருந்து ஹோட்டலுக்கு எவ்வளவு கட்டினீர்கள், விமானத்துக்கு எவ்வளவு, எஸ்.டி.எஃப் கட்டினீர்களா, ஒவ்வொன்றுக்கும் ரசீது அனுப்புங்கள் என்று கேளுங்கள். தங்காத இரவுக்கான எஸ்.டி.எஃப் ஏஜென்சியின் வருமானம் ஆகாது. அதைக் கட்டாமலே உங்களிடம் வாங்கி வைத்திருந்தால் உடனே திருப்ப வேண்டும். 40 நாள் இருக்கும்போது ஹோட்டலுக்குப் பணம் போயிருக்கவே வாய்ப்பு குறைவு. செலவான தொகையைக் கழித்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. செலவாகாததையும் சேர்த்து வைத்துக்கொள்வதைத்தான் எதிர்க்க வேண்டும். மருத்துவமனைச் சான்றை இணைத்து, 15 நாள் கெடு கொடுங்கள்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். அங்கேயும் தீரவில்லையென்றால் நுகர்வோர் புகார்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் மாவட்ட ஆணையத்துக்கு நீங்களே புகார் தரலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. கிரெடிட் நோட்டை ஏற்றுக்கொண்டதாக வாட்ஸ்அப்பில்கூட எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: ஊர் திரும்பும்போது பாரோவிலிருந்து காலை விமானம், அதே நாள் மாலை கொல்கத்தா-சென்னை. ஏஜென்சி போட்டுக் கொடுத்த டிக்கெட். சரிதானா?
- வாசகி, வேலூர்

பதில்: இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் ஆபத்து. பாரோ விமான நிலையம் மலைகளுக்கு நடுவே, 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. விமானி கண்ணால் பார்த்துப் பகலில் மட்டுமே இறக்கவும் ஏற்றவும் வேண்டிய இடம். மேகம் இறங்கினால் விமானம் தாமதமாகும், சில நேரம் மறுநாளைக்குப் போய்விடும். அப்போது சென்னை விமானத்தைத் தவறவிட்டால் அந்த நிறுவனம் உங்களுக்கு எதுவும் தர வேண்டியதில்லை. மறுநாள் மதிய விமானத்துக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். கொல்கத்தாவில் ஓர் இரவு அறைச் செலவு, கடைசி நேரத்தில் வாங்கும் புது டிக்கெட்டைவிட மிகக் குறைவு. மாற்றித் தர மறுத்தால், தாமதத்தால் டிக்கெட் வீணானால் பொறுப்பு யாருடையது என்று மின்னஞ்சலில் கேட்டு, அந்தப் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.