மதிப்பெண் அட்டையில் ‘கிளம்சி’: பையனிடம் என்ன குறை?

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகனின் மதிப்பெண் அட்டையில் ‘கிளம்சி’ என்று ஆசிரியை எழுதியிருக்கிறார். அகராதியில் ‘அவலட்சணமான’ என்று போட்டிருக்கிறது. 6,000 ரூபாய் கட்டினால் சரிசெய்துவிடலாம் என்கிறார் பயிற்சி மையக்காரர். கட்டலாமா?

பதில்: முதலில் அந்த ஆறாயிரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

குளிரில் விரல் மரத்துப்போவதைக் குறித்த ஒரு பழைய சொல்லிலிருந்து பிறந்தது கிளம்சி. மரத்த விரலால் டம்ளரைப் பிடித்தால் நழுவத்தானே செய்யும்? ஆங்கிலேயர் அந்தத் தடுமாற்றத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கரடுமுரடான வாக்கியத்துக்கும் சொல்வதுண்டு. உங்கள் அகராதியைப் பழைய பேப்பர்காரரிடம் போடலாம்.

நம் ஊரில் இச்சொல் வேறு வேலையும் பார்க்கிறது. அறையில் துணி இறைந்து கிடந்தால் கிளம்சி. நோட்டில் அடித்தல் திருத்தல் மிகுந்தால் கிளம்சி. லண்டனில் அதை ‘மெஸ்ஸி’ என்பார்கள். ஆசிரியை சொல்வதும் பெரும்பாலும் கையெழுத்தைப் பற்றித்தான் இருக்கும். அவரை மட்டும் நொந்து பயனில்லை. பிளஸ் டூ வரை ஒரு மதிப்பெண்ணுக்காக ஒரே பொருள் தரும் ஆங்கிலச் சொற்களை உருப்போட வைக்கிறோம். அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுது என்று யார் கேட்கிறார்கள்?

பயிற்சி மையக்காரர்களுக்கு இந்தக் குழப்பம்தான் முதலீடு. கையெழுத்து, ஆங்கிலப் பேச்சு, ஆளுமை வளர்ச்சி மூன்றையும் ஒரே ரசீதில் கட்டித் தலையில் வைப்பார்கள். டம்ளர் நழுவுவதற்கு இதில் எது மருந்து?

ஒரு விலக்கு உண்டு. சட்டைப் பொத்தான் போட, ஷூ நாடா கட்ட, பந்து பிடிக்கச் சிறு வயதிலிருந்தே பையன் திணறுகிறானா? அப்படியானால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ‘கிளம்சி குழந்தை’ என்றே முன்பு மருத்துவர்கள் இதைக் குறிப்பிட்டார்கள். இன்றைய பெயர் வளர்ச்சிசார் ஒருங்கிணைப்புக் குறைபாடு. பள்ளி வயதினரில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு இருக்கிறது. எப்போதோ தட்டு உடைத்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள். திடீரென்று உயரம் கூடும் வயதில் சில மாதம் தடுக்கி விழுவதையும் சேர்க்காதீர்கள். நான் சொல்வது அன்றாடம், ஆண்டுக்கணக்கில் தொடரும் திணறலை. அதுவும் அறிவுக் குறைவு அன்று. முறையான பயிற்சி தரச் சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். பேச்சு ஆங்கில வகுப்பில் அவர்களைத் தேடாதீர்கள்.

நாளை ஆசிரியையைப் பார்த்து, “கையெழுத்தா, கை தடுமாற்றமா?” என்று கேளுங்கள். நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். பக்கத்தைப் பிரித்து வைத்துக் கேட்டால் மழுப்ப முடியாது.